நெயில் பாலிஷ் புள்ளிகள்

விஜயதசமி அன்று காலை என் கம்ப்யூட்டர் நான்கு எண்ணும்வரை உயிரோடு இருந்தது. ஐந்து என்பதற்குள் அணைந்துவிட்டது.

மறுபடி பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, நீல விளக்கு எரிந்தது, திரையில் வெளிச்சம் வருவது போல இருந்தது. நாலு. போச்சு. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் போட்டேன். அதே நாலு. பத்து தடவையாவது செய்திருப்பேன். பயம் வந்தால் எனக்கு எண்ணத் தோன்றும்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் இருந்து இரண்டு தெரு உள்ளே, எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. தமிழ் டைப்பிங், பிரிண்ட், ஆன்லைனில் படிவம் நிரப்புவது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். அப்புறம் டைப்ரைட்டிங் மட்டும் கற்றுக்கொண்டேன். விரல் ஓடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் ஏமாற்றுவார்கள் என்பது என் எண்ணம்.

அன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது சிட்லபாக்கத்து சாரின் புத்தகம். ரிட்டயர்டு வாத்தியார். தன் வீட்டுக்கு எதிரே இருக்கும் ஏரியைப் பற்றி, எந்த வருஷம் எதுவரை தண்ணீர் வந்தது, கரையில் முதலில் யார் வீடு கட்டினார்கள், எந்த மரம் எப்போது விழுந்தது என்று ஐந்து நோட்டு நிறைய எழுதியிருந்தார். நான்கு மாதமாக அடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நோட்டும் முடிய முடியத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார். "உன்கிட்டதான் இருக்கேம்மா. அதைவிடப் பத்திரம் ஏது?" என்றார்.

வேறு காப்பி கிடையாது. பென் டிரைவில் வைத்தால் யாராவது எடுத்துப் போவார்கள் என்று பயம். மெயிலில் போட்டால் எவனாவது திறந்து படிப்பான் என்று பயம். அதனால் ஒரே இடத்தில் வைத்திருந்தேன். கடைசி அத்தியாயத்தைத் திருத்த அன்று சாயங்காலம் நாலு மணிக்கு சார் வருவதாக இருந்தது.

எனக்கு உடனே ரிப்பேர்காரர் மேல்தான் சந்தேகம் போனது. கிழக்குத் தாம்பரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறார். பத்து நாள் முன்னால் தூசி தட்ட வந்தவர், உள்ளே இருந்த மெமரி அட்டையைக் கழற்றி, அதன் ஓரத்தைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினார். தேய்க்கும்போது என் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். ஏன் அப்படி நிற்க வேண்டும்? கழற்றியதைத்தான் மாட்டினாரா? முன்பு ஒரு கடையில் மிக்ஸியைக் கொடுத்துவிட்டு, வேறு யாருடையதோ பழைய மோட்டாரோடு திரும்பி வந்தவள் நான். அதிலிருந்து வீட்டை விட்டு எது வெளியே போனாலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து அனுப்புவேன். கேஸ் அடுப்பின் பர்னருக்குக்கூட வைத்திருக்கிறேன். "எனக்கும் ஒண்ணு வெச்சு அனுப்பு, மேடவாக்கத்துல மாத்திடப் போறாங்க" என்று வேலைக்குக் கிளம்பும்போது என் கணவர் கிண்டல் செய்வார்.

ரிப்பேர்காரருக்கு போன் செய்தேன். "வந்துகினே கீறேன்க்கா" என்றார். அவர் வருவதற்குள் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். மெமரி அட்டை, ஹார்ட் டிஸ்க், விசிறி, கரண்ட் வாங்கும் டப்பா என்று நான்கிலும் சிவப்புப் புள்ளி வைத்து மூடினேன்.

வந்தார். திறந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாக்கா, உள்ள எதுனா கருகிச்சா? ஒரு மாதிரி வாசனை வருதே?"

"எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன். என் பாலிஷ் ஈரம் எதிலாவது இறங்கி, இருந்த கொஞ்ச உயிரையும் எடுத்துவிட்டதோ?

அவர் போட்டுப் பார்த்தார். நாலு. மெமரி அட்டையைக் கழற்றி மாட்டினார். அது அவர் தோள் மறைவில் போகாதபடி நான் இந்தப் பக்கம் நகர்ந்தேன். நாலு. "பவர் சப்ளை போயிருக்கும்னு நெனைக்கிறேன். கடைக்கு எட்த்துகினு போய் வேற ஒண்ணு போட்டுப் பாக்கணும்" என்றார்.

"ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்கண்ணா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கின் திருகாணியைக் கழற்றினார். வெளியே எடுத்ததும் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"இதானா வாசனை? இன்னும் காயவே இல்லியேக்கா."

"அடையாளத்துக்கு வெச்சேன்."

"நான் மாத்திடுவேன்னா?"

அவர் விரலைத் தன் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "பத்து நாள் முன்னாடியே வெச்சிருந்தா எனக்குத்தான் நல்லது. மாத்தலன்னு உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பெட்டியைத் தூக்கப் போனவர், என்னவோ நினைத்துக் கீழே வைத்தார்.

"எப்பவுமே நாலு எண்ற வரைக்குந்தானா?"

"நாலுதான். பத்து தடவை எண்ணினேன்."

"ஒரு தபா ரெண்டு, ஒரு தபா ஏழுன்னு இல்லியே?"

"இல்லண்ணா. நாலேதான்."

"பவர் போச்சுன்னா கண்டபடி நிக்கும்க்கா. கரெக்டா நாலுன்னா, யாரோ பட்டனை அமுக்கிகினே கீறாங்க. அமுக்கிப் புடிச்சா நாலு செகண்டுல அதுவா நிக்கும்."

நான் நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

அவர் பட்டனிலிருந்து வரும் சின்ன ஒயரைப் பிடுங்கினார். ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மாட்டினார். ஒயர் இருந்த இடத்தில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பட்டனுக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவர் நுனியால் இரண்டையும் ஒரு கணம் தொட்டு எடுத்தார். விசிறி சுற்றியது. நான் எண்ணினேன். நாலு. ஐந்து. ஒன்பது. பன்னிரண்டில் திரை வந்தது. சாரின் ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது. திறந்து, கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

அவர் பெட்டியின் முகப்பைக் கழற்றி, உள்பக்கமிருந்து பட்டனை நெம்பி எடுத்தார். அதைச் சுற்றி மஞ்சளாக, சிமெண்ட் போல இறுகி, நடுவில் சிவப்பாக ஒரு கட்டி.

"இன்னாக்கா இது, பூஜை போட்டியா, பூச்சு வேலை பண்ணியா? இத யாரு வெச்சது?"

நான்தான் வைத்தேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மானிட்டரின் நெற்றியில்தான் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் சாரின் புத்தகம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்று, எல்லாம் தொடங்குகிற இடம் அதுதானே என்று, குழைத்த சந்தனத்தைப் பட்டன் மேலேயே கட்டைவிரலால் அப்பி, குங்குமமும் வைத்தேன். வழிந்து இடுக்கில் இறங்கியிருக்கிறது. பூஜை போட்டதை மறுநாள்வரை தொடக்கூடாது என்பதால் ஒரு பகல், ஓர் இரவு நன்றாகக் காயவும் விட்டிருக்கிறேன். அழுத்திய பட்டன் ஒவ்வொரு தடவையும் உள்ளேயே ஒட்டி நின்று, மெல்லத்தான் வெளியே வந்திருக்கிறது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன், என் விரல் ஞாபகமே வரவில்லை.

பட்டனை வெந்நீரில் போட்டுப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். அவர் மாட்டினார். காபி குடித்தார். போகும்போது, "அந்த ஃபைலை வேற எடத்துலயும் ஒண்ணு வெய்க்கா. இன்னிக்குப் பட்டனு, நாளைக்கு இன்னாவோ" என்றார்.

நாலு மணிக்கு சார் வந்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், காப்பி எடுக்காததையும். சார் தெருப்பக்கம் பார்த்தார். தன் நோட்டுகள் போன திசையை நினைத்திருப்பார். பிறகு, "ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும். இன்னொண்ணு நீ நம்புற யார்கிட்டயாவது குடு" என்றார்.

நம்புகிற யாராவது. வெகுநேரம் யோசித்தேன். யாரும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை தாம்பரம் போய் ரிப்பேர்காரர் கடையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, "உங்க கிட்டயே இருக்கட்டும்ண்ணா" என்றேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சிவப்பாக ஒரு புள்ளி. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்று சொல்லி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். சாவியை எந்தப் பையில் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டேன்.