கழுவாத கிளாஸ்

விஸ்கி பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்றுதான் போன பனிக்காலம் வரை நினைத்திருந்தேன்.

மொன்றியல் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் கியூபெக்காரர் ஒருவர், சோள விஸ்கிப் போத்தலோடு செயின்ட்-மிஷேலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல மேசைக்கு ஆட்டிறைச்சிப் பொரியல் வந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் குடிப்பது ஒரே மாதிரித்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, முகத்தை ஒரு சுளிப்பு, உடனே வாயில் ஒரு துண்டு இறைச்சி.

அவர் பொரியலைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் கிளாஸை மூக்கருகே பிடித்து மணந்து பார்க்கச் சொன்னார். மணந்தேன். என்ன மணம் என்று கேட்டார். விஸ்கி மணம் என்றேன்.

அடுத்த தட்டோடு வந்த என் மனைவியிடம் அவர் கிளாஸை நீட்டினார். அவள் மட்டக்களப்புக்காரி, ஒரு சொட்டும் குடித்ததில்லை. வாங்கி மணந்தாள்.

"சுட்ட சோளன் மணக்குது. கேக்குக்குப் போடுற வனிலாவும் கொஞ்சம் இருக்கு. நீங்க வழமையா வாங்குறதுல புகைதான் மணக்கும்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"கிளாஸ் கழுவுறது நான்தானே."

சோளத்தையும் வனிலாவையும் அவருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். கிளாஸ் கதையைச் சொல்லவில்லை.

அவர் போனபின் கிளாஸ்களை நானே சிங்குக்குக் கொண்டுபோனேன். குழாயைத் திறக்குமுன் ஒன்றை மணந்தேன். வெறும் கிளாஸில் சுட்ட சோளன் அப்படியே இருந்தது. இத்தனை வருஷமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதையெல்லாம் அவள் இந்த இடத்தில் நின்று மணந்திருக்கிறாள்.