ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டாயிரம் கூடுதல்

தேக்கா சந்தையில் என் தலை தெரிந்தால் சில காய்கறிக் கடைக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு சேலைக் கடை முதலாளி, நான் நுழைந்ததும் கல்லாவை விட்டு உள்ளே போய்விடுவார். என்னைச் சமாளிக்க, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த யாரையாவது அனுப்பிவைப்பார். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். என் கணவர் இதற்கு நேர்மாறு. ஒருமுறை மிக்சி வாங்கப் போன இடத்தில் விலையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா? பரவாயில்லையே!" என்று கடைக்காரரிடமே சொன்ன மகான் அவர்.

அதனால் பழைய கார் ஒன்று வாங்குவது என்று முடிவானபோது, பேசுவது என் வேலை, ஓட்டுவது அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். கார் தேவைப்பட்டது எனக்குத்தான். நான் வீடு வீடாகப் போய்த் தமிழ்த் துணைப்பாடம் சொல்லித் தருகிறவள். நாங்கள் இருப்பது மார்சிலிங்கில். என் மாணவர்களோ சிராங்கூனிலும் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த கணவர், "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். இருபது வருஷம் கட்டிய காப்புறுதிப் பணம் அந்தச் சமயம் கைக்கு வந்திருந்தது. கடன் வேண்டாம், மொத்தமாகக் கொடுத்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். மொத்தப் பணமும் ஒரே தவணையில் வருகிறது என்றால் எந்த வியாபாரியும் இளகிவிடுவார் என்று நம்பினேன். விலையில் மூவாயிரம் வெள்ளியாவது குறைக்காமல் திரும்புவதில்லை என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

ஊபியில் வரிசையாகப் பழைய கார்கள் நிற்கும் கட்டடத்துக்குப் போனோம். நான் கைப்பேசியில் பார்த்துவைத்திருந்த சாம்பல் நிறக் கார் மூன்றாவது மாடியில் நின்றது. இந்த ஊரில் காருக்குப் பத்து வருஷம்தான் சாலையில் ஓட உரிமை. இதற்கு நான்கு வருஷம் மிச்சம். விலை நாற்பத்தாறாயிரம்.

"உள்ளே போனதும் நீங்க வாயைத் திறக்கவே கூடாது" என்றேன் கணவரிடம்.

"தும்மல் வந்தா?"

"அடக்கிக்குங்க."

காரைக் காட்ட வந்தவள் முப்பது வயதுகூட ஆகாத ஒரு தமிழ்ப் பெண். "வாங்கக்கா, வாங்கண்ணே" என்று அவள் சொன்னதுமே எனக்குப் பாதி ஜெயித்துவிட்ட தெம்பு வந்துவிட்டது. உடனே குறைகளை அடுக்க ஆரம்பித்தேன். கதவில் கீறல் இருக்கிறது என்றேன்.

"ஆமாக்கா, இருக்கு."

டயர் தேய்ந்திருக்கிறது என்றேன்.

"ரெண்டு டயர் மாத்தணும்கா."

உள்ளே டுரியான் பழ வாடை அடிக்கிறது என்றேன். அவள் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். "கரெக்ட்தான். பழைய ஓனர் ரொம்ப விரும்பிச் சாப்பிடுவார் போல."

இல்லை என்று சொன்னால்தானே சண்டை போட முடியும்? எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவளிடம் என்ன செய்வது? சரி என்று பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வதுபோல், "லோன் எல்லாம் வேண்டாம்மா. மொத்தமும் ஒரே தடவையில கொடுத்துடுறோம். அதுக்கு எவ்வளவு குறைப்பே?" என்றேன்.

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன். ஆனால் அது வாடியது.

"அப்படின்னா நாற்பத்தெட்டு வரும்கா."

"நாற்பத்தாறுன்னுதானே போட்டிருக்கீங்க?"

"அது லோன் எடுத்தா, லா. ரொக்கம்னா ரெண்டாயிரம் கூட."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று கணவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க அவர் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் ஒளிக்காமல் விளக்கினாள். நாம் கடன் எடுத்தால் கடன் கொடுக்கும் நிறுவனம் இவர்களுக்குக் கமிஷன் தருமாம். லாபமே அதில்தானாம். முழுப் பணத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் இவர்களுக்குத் தலைவலியாம். ஆக, வாழ்நாள் முழுக்க நான் கட்டிக்காத்த தத்துவம் ஊபியின் மூன்றாவது மாடியில் தலைகீழாகத் தொங்கியது.

மிச்சம் இருந்தது ஒரே உத்தி. வெளிநடப்பு.

"வாங்க போகலாம்" என்று கைப்பையைத் தோளில் மாட்டினேன். சேலைக் கடையில் இது தோற்றதே இல்லை. பத்தாவது அடி வைப்பதற்குள் "அக்கா, அக்கா" என்று ஓடி வருவார்கள். மெதுவாகத்தான் நடந்தேன். பத்து அடி, இருபது அடி. மின்தூக்கி வந்தது. ஏறினோம். கதவு மூடியது. பேருந்து நிறுத்தம் வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

மத்தியான வெயில். இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நான் அந்தக் கட்டடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப நான் பேசலாமா?" என்று கேட்டார் கணவர்.

"பேசுங்க."

"எனக்கு அந்தக் கார் பிடிச்சிருக்கு."

"அதைத்தான் நீங்க அங்கே சொல்லக் கூடாது."

"சொல்லலையே. இன்னொண்ணும் சொல்லலை. தீபாவளிக்கு முன்னாலேயே அந்தக் கார் விளம்பரத்தைப் பார்த்திருக்கேன். அப்ப நாற்பத்தொன்பது போட்டிருந்தாங்க."

அன்றைக்குத் தைப்பூசம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இந்த மனிதர் மாதக்கணக்கில் தினமும் சாயங்காலம் கைப்பேசியில் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"தும்மக்கூடக் கூடாதுன்னுட்டே."

மறுபடி மேலே போவதுதான் பெரிய அவமானம். என்ன சாக்குச் சொல்வது என்று யோசித்து, குடையை விட்டுவிட்டதாகச் சொல்வது என்று முடிவு செய்தேன். குடை என் கையிலேயே இருந்ததை அந்தப் பெண் பார்த்தாள். நாகரிகமானவள், ஒன்றும் கேட்கவில்லை.

இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் காரைச் சுற்றி வந்தார். முன்கண்ணாடிக்குக் கீழே சிக்கியிருந்த காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார்.

"ரொம்ப நாளா நிக்குது, பாவம். இல்லையாம்மா?" என்றார்.

"கொஞ்ச நாளா, அண்ணே."

"தீபாவளிக்கு முன்னால இருந்து நிக்குது. ஓடினாலும் ஓடாட்டியும் அந்த நாலு வருஷத்துல தினமும் ஒரு நாள் குறையுதே. கமிஷன் வர்ற ஆளுக்காகக் காத்திருந்தா, அதுக்குள்ள இன்னும் எவ்வளவு குறையும்?"

சத்தியமாக அவர் பேரம் பேசவில்லை. அவருக்கு உண்மையிலேயே அந்தக் கார்மேல் பரிதாபம். அந்தப் பெண் அவரையும் இலைகளையும் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து முதலாளியிடம் சரளமாக மாண்டரினில் பேச ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்தது பெருமூச்சு மட்டும்தான்.

திரும்பி வந்து, "அண்ணே, நாற்பத்தஞ்சரை. ரொக்கமாவே குடுங்க. ரெண்டு டயரும் மாத்தித் தர்றோம். இதுக்கு மேல கேட்டா பாஸ் என்னையே வித்துடுவார்" என்றாள்.

நான் இன்னொரு ஐந்நூறு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், "பரவாயில்லையே!" என்றுவிட்டார்.

அடுத்த வாரம் காரை எடுத்துக்கொண்டு மார்சிலிங்குக்கு வந்தோம். ஜன்னல்களைத் திறந்துவிட்டும் டுரியான் வாடை கூடவே வந்தது. விரைவுச்சாலையில் அவர் ஓட்டிய வேகத்துக்கு லாரிகளெல்லாம் எங்களை முந்தின. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் எங்களோடு பத்தாவது மாடிக்காரர் ஏறினார். கீழே நாங்கள் காரை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறார்.

"புதுசா வாங்கியிருக்கீங்க போல. எவ்வளவு?"

நான் விலையைச் சொல்லத் தயங்கினேன். நாற்பத்தஞ்சரை என்றால், அவருடைய மச்சானுக்கு அதே கார் நாற்பத்துநாலுக்குக் கிடைத்தது என்று நிச்சயம் சொல்வார்.

"நாற்பத்துமூணு" என்றார் என் கணவர், கண் சிமிட்டாமல்.

"அடேயப்பா! எப்படிக் குறைச்சீங்க?"

"எல்லாம் இவங்க பேச்சுத்தான்" என்று என்னைக் காட்டினார்.

பத்தாவது மாடிக்காரர் என்னை மரியாதையுடன் பார்த்தார். நானும் அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.