நாயுடு தோட்டத்து அருவி

ராயப்பேட்டை வலியுல்லாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்துபோய்க் கதவின் கீலை ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார். தொழுதுவிட்டு மசூதிப் படியில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தெருக்கோடியில் இருப்பார். நாற்பது வயதுக்குள் ஏழு வேலை மாறியிருந்தார். எல்லாம் எஞ்சின் வேலைதான். செங்குன்றத்தில் நெல் மில், யானைகவுனிப் பக்கம் மரம் அறுக்கும் பட்டறை, அப்புறம் ஒரு ஐஸ் கம்பெனி. எந்த முதலாளியும் அவரைத் துரத்தியதில்லை. எஞ்சின் சத்தத்தில் ஏதோ பிசகு என்று காதில் பட்டால் உடனே நிறுத்திவிடுவார். வேலை நேரத்தில் நிறுத்தாதே என்பார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவர் மனைவி ஹாஜிரா பீ இதையெல்லாம் பதினெட்டு வருஷம் பொறுத்துக்கொண்டாள். மகளை வேலூரில் கட்டிக்கொடுத்த மறுவாரம், கணவருக்கு எட்டாவது வேலை கிடைத்தபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இன்னாங்க, மருமகன் வூட்ல கேப்பாங்க. இந்த வேலையையாவது விட்டுடாதீங்க."

சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பிறகு அவரைப் பாடாய்ப் படுத்தியது.

எட்டாவது வேலை கொஞ்சம் விசித்திரமானது. கோதண்டபாணி நாயுடு என்று ஒரு மரக்கடைக்காரர். குற்றாலத்துக்கு ஒரு சீசனுக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு அருவிப் பித்துப் பிடித்துவிட்டது. அடையாற்றுக்குத் தெற்கே அவருக்கு ஒரு தோப்பு இருந்தது. பல்லாவரத்திலிருந்து வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொண்டுவந்து, நடுவில் மூன்று ஆள் உயரத்துக்குக் குன்று ஒன்று கட்டினார். உச்சியிலிருந்து தண்ணீர் விழும். விழுந்த தண்ணீர் அடியில் ஒரு தடாகத்தில் தேங்கும். தடாகத்தின் மூலையில் ஒரு குழாய்வாய். பாறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்த எண்ணெய் எஞ்சின், அதன் வழியாகத் தண்ணீரை இழுத்து மறுபடி உச்சிக்கு ஏற்றும். சுற்றிலும் புல்வெளி, வாழை, குரோட்டன்ஸ், உட்கார சிமெண்டு பெஞ்சுகள். 1932-இல் திறந்தபோது மயிலாப்பூரிலிருந்தும் மாம்பலத்திலிருந்தும் ஜட்கா பிடித்துக்கொண்டு ஜனம் வந்தது. சனி, ஞாயிறு எல்லோருக்கும். புதன்கிழமை பிற்பகல் பெண்களுக்கு மட்டும்.

எஞ்சினை ஓட்டுவது வலியுல்லா. அருவி விழும் நேரமெல்லாம் அவர் கொட்டகைக்குள் இருப்பார். வெளியிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்கும். புதன்கிழமைகளில் கொட்டகை வாசலில் பாய்த்தட்டி ஒன்றைக் கட்டிவிடுவார்கள். பர்தா போடும் கோஷா பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டுத் தண்ணீரில் கால் நனைக்கும் இடம். நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அவர் தட்டியைத் தாண்டக் கூடாது.

ஆவணி மாதம் ஒரு காலையில் தடாகத்தைக் கழுவும்போது கவனித்தார். குழாய்வாயைச் சுற்றி ஒரு இரும்புக் கிராதி உண்டு. இலை தழை போகாமலும் யாரும் கிட்டே போகாமலும் தடுக்க. அதன் ஒரு பக்கத்து ஆணிகள் துருப்பிடித்து உளுத்துப்போய், கையால் தள்ளினால் கிராதி உள்ளே மடங்கியது.

நாயுடுவிடம் சொன்னார்.

"கிராதி லூசா கீது மொதலாளி. கால் கீல் வச்சா உள்ள பூடும். ரெண்டு நாள் எஞ்சினை நிறுத்தி மாத்திடலாம்."

"இப்போ எப்படி பாய் நிறுத்தறது? தசரா வருது. ஜனம் வந்துக்கினு கீது. முடிஞ்சதும் புதுசாவே போட்டுடலாம்" என்றார் நாயுடு. கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் செய்வார், மெதுவாக.

வேறு எந்த இடமாக இருந்தாலும் வலியுல்லா அந்த நிமிஷமே சட்டையை மாட்டியிருப்பார். இந்தத் தடவை மாட்டவில்லை. கிராதியைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். மறுவாரம் கம்பி தளர்ந்திருந்தது. மறுபடி கட்டினார். மறுபடி நாயுடுவிடம் சொன்னார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு நடு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஹாஜிரா பீ கேட்டால் "ஒன்னுமில்ல" என்றார்.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு அருவியைப் பார்க்க ஆசை வந்தது. பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசாவும் இன்னும் நாலைந்து பேரும் புதன்கிழமை போகிறார்களாம். "எங்க வூட்டுக்காரர் வுடற தண்ணி, நான் பாக்க வேணாமா?" என்று சிரித்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. புதன்கிழமை காலை கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"தண்ணியில எறங்கினா பாறை ஓரமா சோத்தாங்கைப் பக்கம் போவாதே. அந்த மூலை சரியில்ல."

"ஏன், இன்னா கீது அங்க?"

"போவாதேன்னா போவாதே."

அன்று மூன்று மணிக்கு எஞ்சினைக் கிளப்பினார். நல்ல வெயில், நல்ல கூட்டம். தட்டிக்கு அப்பால் உருதுவும் தமிழும் கலந்து கேட்டன. அவருக்குக் கை நிற்கவில்லை. எண்ணெய் விட்ட இடத்திலேயே மறுபடி எண்ணெய் விட்டார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். தட்டிவரை போய்த் திரும்பி வந்தார். எத்தனை தடவை போனார் என்று அவருக்கே தெரியாது.

நாலு மணி இருக்கும். எஞ்சினின் சத்தம் மாறியது. பாரம் இறக்கிய வண்டி போல் திடீரென்று லேசாகி, விறுவிறுவென்று ஓடத் தொடங்கியது. பம்ப் தண்ணீரை இழுக்கவில்லை என்று அர்த்தம். குழாய்வாயை ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. இலையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். இது ஒரே நொடியில் அடைத்தது.

பக்கத்தில் இருந்த கழியால் பெல்ட்டைத் தள்ளிவிட்டார். பம்ப் நின்றது. அருவி மெலிந்து ஓய, அதுவரை தண்ணீர் இரைச்சலில் அமுங்கியிருந்த அலறல் கேட்டது.

தட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார். முப்பது நாற்பது பெண்கள். அவரைக் கண்டதும் அலறல் வேறு மாதிரி ஆயிற்று. சிலர் முகத்தை மூடினார்கள். ஒருத்தி செருப்பை எடுத்தாள். அப்போது ஹாஜிரா பீயின் குரல் எல்லாவற்றையும் தாண்டி எழுந்தது.

"எங்க வூட்டுக்காரர்! எஞ்சின்காரர்! எல்லாம் அந்தாண்ட திரும்பிக்கோங்க! வழி வுடுங்க!"

பெண்கள் சொல்லிவைத்தது போல் வாழைமரங்களைப் பார்க்கத் திரும்பினார்கள். திரும்பாமல் நின்றவள் ஒருத்திதான். மார்பளவுத் தண்ணீரில் மடிசார்ப் புடவையோடு நின்று, தண்ணீருக்குள் எதையோ இரு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கொழந்த! என் கொழந்த!"

வலியுல்லா குதித்தார். மூலையில், கிராதி மடங்கிய சந்தில், பதினோரு வயதுப் பெண் ஒருத்தியின் கால் மாட்டியிருந்தது. அவள் பாவாடை குழாய்க்குள் போயிருந்தது. பம்ப் நின்றும், தண்ணீர் திரும்பாமல் தடுக்கக் குழாய்க்குள் இருந்த மூடி துணியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. மூழ்கி, பேனாக்கத்தியால் பாவாடையைக் கிழித்தார். கிராதியைத் தோளால் நெம்பிக் காலை எடுத்தார். வெளியே தூக்கியபோது பெண் அசையவில்லை. தோளில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். எவ்வளவு நேரம் தட்டினாரோ. வாயிலிருந்து தண்ணீர் வந்து, பிறகு இருமல் வந்தது. ஹாஜிரா பீ தன் புர்காவைக் கழற்றி அந்தப் பெண்ணைச் சுற்றினாள்.

பெண்ணின் பெயர் ஜானு. தாய் விசாலாக்ஷி. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துப் பக்கம் வீடு. தகப்பனார் பெயர் ஸ்ரீரங்கன், ஹைஸ்கூல் வாத்தியார். ஜானுவின் இடது கணுக்காலில் எலும்பு முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் நாயுடு வலியுல்லாவைக் கூப்பிட்டார். அவர் முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது.

"ரெண்டு சாயபுமார் வந்து சத்தம் போட்டாங்க, கோஷா நேரத்துல ஆம்பளை எப்படி வரலாம்னு. நான் சமாளிச்சு அனுப்பிட்டேன். உன்னை வேலையை வுட்டு அனுப்ப மாட்டேன் பாய். நீ பண்ணது பெரிய காரியம்." குரலைத் தாழ்த்தி, "கிராதி நேத்துத்தான் ஒடைஞ்சுதுன்னு வச்சுக்குவோம். யாரு கேட்டாலும்" என்றார்.

வலியுல்லா அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

ராயப்பேட்டையில் அவரைத் தூக்கிவைத்துப் பேசினார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. வீட்டில் ஹாஜிரா பீயும் முன்போல் பேசவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தவள், மூன்றாம் நாள், கையை எடுக்காமலே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு அந்த மூலைக்குப் போனத நான் பாத்தேங்க."

அவர் நின்றார்.

"நீங்க சொன்னது நெனப்பு வந்துச்சு. அவங்க யாரோ, நாம சொன்னா இன்னா நெனப்பாங்களோன்னு வாயத் தொறக்கல. அதுக்குள்ள..."

"நான் உனக்கு மட்டும் சொன்னேன்" என்றார் வலியுல்லா. வேறு யாரிடமோ சொல்வது போல இருந்தது. உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

சித்திரக்குளத்துக்கு நடந்தே போனார். ஸ்ரீரங்கன் அவரைக் கண்டதும் வாசலுக்கு இறங்கி வந்து இரு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்கோ பாய், வாங்கோ. நானே வந்து ஒங்களைப் பாக்கணும்னு இருந்தேன். ஆத்துல எல்லாரும் ஒங்க பேரைத்தான் சொல்லிண்டிருக்கோம்."

"கையை வுடுங்க சாமி. ஒன்னு சொல்லணும்."

சொன்னார். கிராதி மூன்று வாரமாகவே உளுத்துக் கிடந்தது, நாயுடுவிடம் மூன்று தரம் சொன்னது, தெரிந்தும் எஞ்சினை ஓட்டியது, எல்லாம். "என் பொண்டாட்டியை மட்டும் போவாதேன்னு சொன்னேன் சாமி. மத்தவங்களுக்குச் சொல்லல. வேலை பூடும்னு."

ஸ்ரீரங்கன் கையை விட்டுவிட்டார்.

"தெரிஞ்சுண்டே ஓட்டினேளா?"

"ஆமாம் சாமி."

"போங்கோ" என்றார் ஸ்ரீரங்கன். "இப்போ போயிடுங்கோ."

வலியுல்லா திரும்பியபோது உள்ளேயிருந்து விசாலாக்ஷி வந்து நிலைப்படியில் நின்றாள். "சித்த இருங்கோ" என்றாள். கணவரைப் பார்த்து, "இவர் வந்து சொல்லலேன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமோ? எழுதி வாங்கிக்கோங்கோ. நாளைக்கு அங்க இன்னொரு கொழந்த எறங்கும்" என்றாள்.

ஸ்ரீரங்கன் உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தார். வலியுல்லா சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. கடைசியில் வலியுல்லா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தின் நகலை வைத்து வக்கீல் நோட்டீஸ் போயிற்று. நாயுடு வழக்குக்கு நிற்கவில்லை. தோட்டத்தை மூடினார், தசராக் கூட்டம் வெறும் வாசலைப் பார்த்துத் திரும்பியது. கிராதியை மாற்றிக் குழாய்வாயைச் சுற்றிச் சுவரும் எழுப்பி, தை மாதம்தான் திறந்தார். ஸ்ரீரங்கன் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டாராம். வலியுல்லாவிடம் மட்டும் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என் கூட இருந்துக்கினே எழுதிக் குடுத்துட்டியே பாய்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். வேறு எஞ்சின்காரர் வந்தார்.

ஐந்து மாதம் வலியுல்லாவுக்கு வேலை இல்லை. முதலாளிக்கு எதிராக எழுதிக் கொடுக்கிற ஆள் என்று பேர் ஆகிவிட்டது. ஹாஜிரா பீ அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து அடுப்பெரித்தாள். வேலூரில் மருமகன் வீட்டார் கேட்கத்தான் செய்தார்கள். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதன்பின் அவர்கள் கேட்கவில்லை. பங்குனியில் தேனாம்பேட்டையில் ஒரு அரிசி மில் கிடைத்தது. முதல் நாளே, பெல்ட்டுக்கு மறைப்புப் பலகை போட்டால்தான் ஓட்டுவேன் என்றார். முதலாளி கத்தினார். பலகை வந்தது. அப்புறமும் வருஷக்கணக்காக அவர் நிறுத்துவார், முதலாளி கத்துவார். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

1938-இல் ஒரு கல்யாணப் பத்திரிகை ராயப்பேட்டைக்குத் தபாலில் வந்தது. ஜானுவுக்குக் கல்யாணம். விலாசம் ஸ்ரீரங்கன் கையெழுத்தில் இல்லை, ஒரு பெண்ணின் கையெழுத்தில் இருந்தது. வலியுல்லா போனார். காலை முகூர்த்தம். பந்தல் வாசலில் யாரோ சந்தனமும் கற்கண்டும் நீட்டினார்கள். ஸ்ரீரங்கன் தூரத்திலிருந்து பார்த்தார், தலையை அசைத்தார். அருகில் வரவில்லை. நாற்காலி போட்டார்கள். வலியுல்லா அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாலை மாற்றுவதற்காக ஜானு நடந்து வந்தாள். நல்ல உயரமாக வளர்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த பெண் ஏதோ சொல்ல, குனிந்த தலையோடு சிரித்தாள். இடது பாதம் ஒவ்வொரு அடிக்கும் சற்று உள்பக்கம் மடங்கியது. தெரியாதவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

அவர் பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. தேங்காயும் வெற்றிலையும் போட்ட பையை வாங்கிக்கொண்டு வீடு வந்தார். ஹாஜிரா பீ தையலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"பாத்தீங்களா? நடந்துச்சா அந்தப் பொண்ணு?"

"நடந்துச்சு."

"நல்லா நடந்துச்சா?"

வலியுல்லா பையை அவள் பக்கத்தில் வைத்தார். அன்று மில்லுக்கு லீவு போட்டிருந்தார். இருந்தும் சட்டையைக் கழற்றாமல், மில்லுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.