லேவுக்குப் போவதா, வேண்டாமா

லடாக்கில் லே நகரத்துக்கு மாற்றலாகிப் போக விருப்பமா என்று என் கணவரின் அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். சம்பளம் கூடும், மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குளிர்தான் பயம், அங்கே இட்லி மாவு புளிக்குமா என்ற கவலை வேறு. ஊருக்குப் போன் செய்தால் மாமியார், "உங்க இஷ்டம்" என்று முடித்துக்கொண்டார்.

காலையில் கீழ்வீட்டு வங்காளி அம்மாவிடம் மட்டும் சொன்னேன். எங்கள் காளிகாட் சந்தில் அது போதும்.

மாலையில் நானும் என் கணவரும் டீக்கடைக்குப் போனால், பெஞ்சு முழுக்க எங்கள் மாற்றல்தான் பேச்சு. சொந்தப் பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல அலசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என்ற பொருளில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் கீழ்வீட்டுக்காரர், கொல்கத்தாவின் இந்த அற்பக் குளிருக்கே மங்கி குல்லா போட்டிருந்தவர், "அங்கே நல்ல மீன் கிடைக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நாங்கதான் மீனே சாப்பிடமாட்டோமே, தாதா" என்றார் என் கணவர்.

பெஞ்சு ஒரு கணம் எங்களுக்காகத் துக்கப்பட்டது. பிறகு மூச்சுத்திணறல், பனியில் மூடும் சாலை என்று மறுபடி தொடங்கியது. எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எங்களுக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

கிளம்பும்போது தாதா குல்லாவைக் கழற்றி இவர் கையில் திணித்தார். "போனா இதை எடுத்துட்டுப் போ. ஆனா போகாதே."

படியேறும்போது இவர், "வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொல்லிடுங்க. முதல்ல குல்லாவைக் குடுத்துட்டு வாங்க, அவருக்குக் குளிரும்."