ஏற்றத்துக்கு ஒரு பக்கம், இறக்கத்துக்கு ஒரு பக்கம்

எண்பதுகளின் கடைசியில், திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போன பஸ்ஸின் டிரைவர் அவர். பெயர் தெரியாது. சிவந்த கண்கள், பிடரியில் நனைத்துப் போட்ட துண்டு. மாற்று ஆள் வராததால் முந்தின ராத்திரியும் அவரே வண்டி ஓட்டியிருந்தார்.

மலையடிவாரம் வந்ததும் டேப்பில் ஒரு கேசட்டைச் செருகினார். ஹெவி மெட்டல்! புளி விற்றுவிட்டுக் காலிச் சாக்குகளோடு திரும்பிக்கொண்டிருந்த மலைக்காரர்கள் அசையக்கூட இல்லை. பழகிவிட்டது போல.

யாரோ பெங்களூர்ப் பையன்களின் ஆல்பம். வெறிகொண்டு வாசித்தார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். ஆனால் எந்தப் பாட்டை எந்த வெளிநாட்டுக் குழுவைப் பார்த்துப் போட்டார்கள் என்று என்னால் அப்படியே சொல்ல முடிந்தது. அலுப்போடு எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"எல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்கே டிரைவர், உங்களுக்குச் சலிக்கலையா?"

"அதான் சார் வேணும். புதுசா இன்னாவாச்சும் வந்தா காது அங்க போய்டும். அப்புறம் வண்டி பள்ளத்துக்குப் போய்டும்."

"உங்களுக்குப் பிடிச்ச பாட்டு போடலாமே?"

"அதைப் போட்டா தூங்கிடுவேங்க. இவனுங்க தூங்க வுட மாட்டானுங்க."

மேலே போய் நிறுத்தியதும் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு வைத்தார். "எறக்கத்துக்கு இந்தப் பக்கம்" என்றவர், ஸ்டீயரிங்கில் தலை சாய்த்தார். நான் இறங்குவதற்குள் குறட்டை கேட்டது.

அதைவிட நல்ல ஆல்பங்கள் எத்தனையோ கேட்டுவிட்டேன். அவற்றில் எதை நம்பியும் அந்த மலையில் பஸ் ஏற மாட்டேன்.