மணல் தட்டில் முளைத்தது

அதைப் பொறாமை என்று நான் ஒத்துக்கொண்டதே இல்லை. கூட வேலை பார்க்கிறவளுக்குத் திமிர் என்றுதான் இரண்டு வருடமாக என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் திட்டப் பணியாளர்கள். நகரத்து மண்ணில் மனிதருக்கு நோய் தரக்கூடிய பூஞ்சைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது வேலை. பேருந்து நிலையம், பள்ளி மைதானம், பூங்கா, கல்லணைக் கால்வாய்க் கரை என்று கரண்டியும் பையுமாகப் போய் மண் அள்ளி வருவோம். எனக்கு ஆறு வருட அனுபவம். அவள் என்னைவிட ஒன்பது வயது சின்னவள், நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். ஏப்ரலிலிருந்து திட்டம் சுருங்குகிறது, இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று திட்டத்தை நடத்தும் சார் சொல்லியிருந்தார்.

வயிறு எரிந்ததற்குக் காரணம் அவளுடைய கண். நான் படப் புத்தகத்தை அரை மணி நேரம் புரட்டுவேன். அவள் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “இது சும்மா ரொட்டில வர்ற பூஞ்சைதாங்க்கா, விடுங்க” என்பாள். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். எங்கள் குடும்பத்துக்கு எட்டு மா நிலம் உண்டு, ஆனால் நான் வரப்பை விட்டு இறங்கியதில்லை. அவளுடைய அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறார். அவள் மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தே எந்த மூலையில் ஈரம் நிற்கும் என்று சொல்லிவிடுவாள். என் மண்ணை அவள் எடுத்துக்கொண்டது போல எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் என்ன நியாயம் என்று அப்போது யோசிக்கவில்லை.

படர்தாமரை உண்டாக்கும் பூஞ்சை முடியைத் தின்று வாழ்வது. அதனால் ஈர மண்ணைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, மேலே வெட்டிய முடியைத் தூவி வைப்போம். மண்ணில் அது இருந்தால் மூன்று நான்கு வாரத்தில் முடிமேல் ஏறிவிடும். என் தட்டுகளில் சலூன் முடி சும்மா கிடந்தது. அவள் தட்டுகளில் பூத்துக் குலுங்கியது. என்ன முடி என்று சார் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“எங்க அக்கா புள்ளைங்க முடி சார். சின்னப் புள்ளைங்க முடில எண்ணெய்ப் பசை கம்மி, நல்லா வருது” என்றவள் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கும் கொண்டாரட்டுமாக்கா?” என்றாள்.

“வேணாம், எங்கிட்ட இருக்கு” என்றேன். இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் ஆறு வயது மகளுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அளவுக்கு முடி கொட்டியிருந்தது. புழுவெட்டு என்றார் மாமியார். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார். நான் தலையை விலக்கிக்கூடப் பார்க்காமல் சரி என்றேன். என் தம்பி மடியில் உட்கார்ந்து பிள்ளை அழுதுகொண்டே மொட்டை அடித்துக்கொண்டாள். நேர்ந்த முடியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மாமியார் சூடம் ஏற்றப் போன நேரத்தில் அந்த ஈர முடியில் ஒரு பிடியை டிபன் டப்பாவில் திணித்துக்கொண்டேன். சாமி முடியில் திருடியவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடியை முதலில் ஆட்டோகிளேவில் வைத்து, நீராவி அழுத்தத்தில் அதிலிருக்கும் உயிரையெல்லாம் கொன்றாக வேண்டும். அன்றைக்கு அந்த எந்திரத்தில் அவளுடைய சாமான்கள் இருந்தன. “ஓரத்துல இதையும் வையேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை. அவளிடம் எதையுமே கேட்கக் கூடாது என்று வைத்திருந்தேன். முடியை ஸ்பிரிட்டில் ஒரு முறை அலசி, ஃபேனடியில் காயவைத்து, நறுக்கித் தூவிவிட்டேன்.

இருபத்துநாலாம் நாள், நான் மண் எடுத்த எட்டு இடத்துத் தட்டுகளிலும் மஞ்சளும் பழுப்புமாக மாவு பூத்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் வெள்ளரிப் பிஞ்சு போன்ற வித்துகள், உள்ளே குறுக்குச் சுவர்கள். படர்தாமரை தரும் மைக்ரோஸ்போரம் வகை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சார் வந்து பார்த்து, “எட்டுலயுமா? ஸ்கூல் கிரவுண்டை மூடச் சொல்லி எழுதணுமே” என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அது வாடியிருந்தது. வேலை எனக்குத்தான் என்று நினைத்தேன், இனித்தது.

மறுநாள் அவள் ஒரு தட்டோடு என் மேசைக்கு வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு தட்டில் மண்ணுக்குப் பதில் உயிர் போக்கிய ஆற்று மணலை வைத்து, அதே முடியைத் தூவுவோம். அதில் எதுவும் வளரக் கூடாது. என் அடுக்கில் அது அடியில் கிடந்தது, நான் திறந்தே பார்க்கவில்லை. அதிலும் அதே மாவு.

“மணல்ல எப்படிக்கா வரும்?” என்றாள் மெதுவாக. “இந்த முடி யாரோடதுக்கா?”

சாரிடம் சொல்லிவிட்டாளா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை எழுதவே கூசுகிறது. என் மகளின் தலை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“நான் யார்ட்டயும் சொல்லலக்கா. உங்க ஸ்டேட்டஸ்ல பாப்பா மொட்டையடிச்ச போட்டோ பாத்தேன். முதல்ல அவளப் பாருங்க” என்று தட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மகளை ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் முடி முளைத்திருக்க, காதுக்குப் பின்னால் வட்டமாகச் செதில். மூன்று வாரம் அந்தத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான். உடனே கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர், “பூஞ்சை மாதிரிதான் இருக்கு. எந்த வகைன்னு தெரிஞ்சா மாத்திரை சரியா குடுக்கலாம். விட்டா அந்த இடத்துல முடியே வராமப் போயிடலாம்” என்றார். மணல் தட்டைக் குப்பையில் போட்டிருந்தால் என் வேலை நிலைத்திருக்கும். அவள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்றும் தெரியும். அந்த நல்ல குணமும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். தட்டில் வளர்ந்ததுதானா என்று பார்க்கச் செதிலோடு நாலு முடியைப் பிடுங்க வேண்டும். நான் இடுக்கியை எடுத்ததும் பிள்ளை கத்திக்கொண்டு மேசையைச் சுற்றி ஓடினாள். தன் மேசையிலிருந்து அவள் கையை நீட்டியதும் பிள்ளை போய் அவள் மடியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டாள். ரயிலில் ஏறிய ஆட்டுக்குட்டி கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே வலிக்காமல் பிடுங்கினாள். பெற்றவள் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முடியைச் சுற்றி வித்துகள் மொய்த்திருந்தன.

சார் வந்ததும் மணல் தட்டை நீட்டினேன். “எட்டு இடமும் தப்பு சார். என் பொண்ணு முடியிலேர்ந்து வந்துருக்கு. ஆட்டோகிளேவ்ல வைக்கல.”

“ஏன் வைக்கல?”

“அன்னிக்கு மெஷின நான் எடுத்துக்கிட்டேன் சார்” என்றாள் அவள்.

ஏப்ரலில் அவளை வைத்துக்கொண்டார்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையும் களிம்பும் கேட்டன, முடியும் வரத் தொடங்கியது. ஒரு நாள் களிம்பு தடவும்போது மகள் தலையை இழுத்துக்கொண்டாள். அந்த ஆன்ட்டி வந்து தடவட்டும் என்றாள்.

“ஏன், நான் தடவினா வலிக்குதா?” என்று கேட்டேன்.

“அவங்க பாத்துப் பாத்துத் தொடுறாங்க. நீ பாக்காமயே தொடுறம்மா” என்றாள்.