செல்லச்சாமி வராத செவ்வாய்

நாலு வருஷமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் செல்லச்சாமி குழம்புத்தூள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதுகுளத்தூரில் பஸ் ஏறுவார். ராமநாதபுரத்தில் வேறு பஸ் பிடித்து, உச்சிப்புளி வரை ரோட்டோரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஏறி இறங்குவார். எல்லாக் கடையிலும் ஒரே பதில்தான்: வேண்டாம். மனுஷன் முகம் சுளிக்க மாட்டார். "சும்மா போட்டுப் பாருங்க, காசு வேண்டாம்" என்று ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரமும் அதே கடை, அதே பதில், இன்னொரு பொட்டலம்.

தன் காட்டில் விளைந்த மிளகாய் வத்தலை மூட்டையாக மண்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கத் தெரியாதவர். வறுத்துத் திரித்து விற்க வேண்டும், தன் தூளை நாலு பேர் தேடி வந்து கேட்க வேண்டும் என்பது அவருக்குக் கிறுக்காகவே ஆகிவிட்டது. வறுப்பதென்னவோ மனைவி உமையாள்தான். வத்தல் கருகாமல், மல்லி வாசம் போகாமல் இறக்கும் பக்குவம் அவள் கைக்குத்தான் உண்டு. பொறுமைக்கும் ஓர் அளவு இருக்காதா? "ஊருக்கெல்லாம் ஓசியில கொழம்பு வைக்கிறதுக்கு நான் நெடியில சாகணுமாக்கும்?" என்று அவள் கேட்காத வாரமில்லை. அவர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை அவள் வறுக்கவில்லை. வாணலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே ஏலாது. ஒருத்தனாச்சும் கேட்டு வாங்கட்டும், அன்னைக்கு வறுக்குறேன்" என்றாள். செல்லச்சாமி சண்டை போடவில்லை. மறுநாள் பஸ் ஏறவும் இல்லை. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். புதன்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் அவருடைய செல்போன் அடித்தது. உமையாள் எடுத்தாள்.

"செல்லச்சாமி அண்ணன் இருக்காரா? உச்சிப்புளியில ஓட்டல் வச்சிருக்க அப்துல் ஹமீது பேசுறேன்."

"அவுக இல்லண்ணே" என்றாள்.

வெளியே போயிருக்கிறார் என்று ஹமீது எடுத்துக்கொண்டார். "வந்தா சொல்லும்மா. ரெண்டு செவ்வாயா ஆளைக் காணோம். அவரு வச்சுட்டுப் போற தூளைக் கடைத்தூளோட கலந்துதான் மீன் கொழம்புக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம். இப்ப வெறும் கடைத்தூளைப் போட்டா, சாப்பிட வாரவங்க கொழம்புக்கு என்னாச்சுன்னு கேக்குறாங்க. பக்கத்துக் கடையிலயும் இதே பேச்சுத்தான். எனக்கு வாரம் அஞ்சு கிலோ வேணும். எல்லாம் உமையாள் கைப்பக்குவம்னு பெருமையாச் சொல்லுவாரு. நீதானாம்மா அது?"

"நாந்தாண்ணே."

"இந்தச் செவ்வாய் மறக்காமக் கொண்டாரச் சொல்லு."

"தூள் வந்துரும்ணே."

போனை வைத்துவிட்டு வாணலியைக் கழுவினாள். நாத்தனார் கோகிலா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, இன்னும் பதினாறு முடியல. துக்க வீட்டுல வத்தல் வறுக்கலாமா? ஊரு என்ன பேசும்?"

"கேட்டு வாங்குனா வறுக்குறேன்னு அவுககிட்டச் சொன்னேன் கோகிலா. கேட்டுட்டாங்க."

கோகிலா கையை விட்டுவிட்டாள். வத்தல் நெடி தெருவரை போயிற்று. துக்கம் கேட்க வந்திருந்தவர்கள் தும்மிக்கொண்டே எழுந்து போனார்கள். உமையாள் அடுப்பைவிட்டு நகரவில்லை.

அன்றைக்கு மட்டும் வறுத்துக் கொடுத்திருந்தால் அவர் மனசு விட்டுப்போயிருக்காது என்று ஒன்பது நாளாக அழுதவள் அவள். இப்போது அப்படி அழவும் வழியில்லை. தூள் நின்றதால்தானே தேடினார்கள்? போன வருஷமே, அதற்கு முந்தின வருஷமே ஏலாது என்று சொல்லியிருந்தால், அந்த மனுஷன் தன் காதாலேயே இதைக் கேட்டிருப்பாரே. வாராவாரம் வாய் ஓயாமல் திட்டினாளே தவிர, வாராவாரம் வறுத்தும் கொடுத்துவிட்டாளே, படுபாவி.